இருண்ட எதிர்காலக் கதையில் ஒரு தாம்பத்தியத்தை எழுதுவது எப்படி?

இந்த வகைக் கதைகளில் கணவன் மனைவி விலகிப்போனால் பழி முழுவதும் கருவிமேல் விழுந்துவிடும். கதை பலவீனமாவது அங்கேதான். கெட்டுப்போகவேண்டும் என்று யாரும் ஒரு கருவியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அது ஏதோ ஒரு குறையைத் தீர்க்கிறது, அதுவரை அந்தக் குறையைத் தீர்த்துவந்தவர் துணைவர். எனவே எழுத உட்காருமுன் அவரிடமிருந்து கருவி பிடுங்கிக்கொள்ளும் வேலை எது என்று முடிவு செய்யுங்கள். தூக்கம் வராத இரவில் பேச்சுத்துணையா? சண்டைக்குப் பிறகு முதலில் வாய் திறப்பதா? ஒன்றே போதும்.

அடுத்து, கருவிக்கு மூன்று விதிகள். காதில் மாட்டும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். துணைவர் பேசுவதைக் கேட்டு, சண்டை மூளாத பதிலைக் காதுக்குள் சொல்லிக்கொடுக்கும். முதல் விதி: பதில் வர இரண்டு நொடி ஆகும். இரண்டாவது: கழற்றினால் பதிவாகும். மூன்றாவது: மாதாமாதம் வரும் இணக்க மதிப்பெண்ணை வைத்தே அரசு வீடு ஒதுக்கும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அதிகாரம் உள்ளே வராவிட்டால் அது புதுச் சாதனம் வைத்த குடும்பக் கதை, அவ்வளவுதான்.

விலையையும் எழுதுங்கள். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில் மூன்று சுவர்களில் சுவரளவு தொலைக்காட்சித் திரை இருக்கும்போதே மில்ட்ரெட் நான்காவது கேட்கிறாள். 2,000 டாலர். கணவன் மாண்டாகின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! அதை அவன் சொல்லிக்காட்டியும் அவள் பிடியை விடுவதில்லை. யாருக்கு எது முக்கியம் என்று ஆசிரியர் தனியாக விளக்கவேண்டிய தேவையே அங்கே இல்லை.

இனி முக்கியமான காட்சி. விலகலை மௌனமாக எழுதுவது சுலபம், ஆனால் இருவரும் பேசாமல் இருந்தால் வாசகருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. பேசவிடுங்கள். கருவி கணவன் காதில் இருக்கிறது, முதலில் பேசுபவள் மனைவி.

"நேத்து அம்மா கனவுல வந்தாங்க."

இரண்டு நொடி.

"அது உன் மனசை ரொம்பப் பாதிச்சிருக்கும்."

பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த இரண்டு நொடியை அவள் கவனித்துவிட்டாள் என்பதுதான் காட்சி. அடுத்த முறை பேசிவிட்டு மனதுக்குள் எண்ணுவாள். அதற்கடுத்த முறை, எண்ணுவதற்காகவே பேசுவாள். இந்த மூன்று படிகளையும் ஒரே காட்சியில் அடைத்தால் வீணாகிவிடும். 3,000 சொல் கதையென்றால் முதல் 300 சொற்களுக்குள் கருவி அறிமுகமாகட்டும். மூன்று படிகளும் 600, 1,300, 2,000 சொற்களையொட்டி வரட்டும்.

யார் பார்வையில் சொல்வது? கருவியால் பயனடைபவரின் பார்வையைப் பரிந்துரைப்போம். பாதிக்கப்பட்டவர் பார்வையில் எழுதினால் புலம்பல் எளிதில் நுழைந்துவிடும். கணவன் பக்கம் நின்றால், சண்டையில்லாத வீடு அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்த நிம்மதியை வாசகரும் விரும்பத் தொடங்கினால்தான் பிறகு வரும் இழப்பு உறைக்கும்.

கருவியை உடைத்து எறியும் முடிவு வேண்டாம். உடைத்தாலும் மதிப்பெண்ணும் வீட்டு ஒதுக்கீடும் அப்படியே இருக்கும், நீங்கள் வைத்த விதியை நீங்களே மறந்ததாகிவிடும். விதிக்குள்ளேயே முடிவைத் தேடுங்கள். ஒருநாள் அவன் யோசிக்காமல் உடனே பதில் சொல்கிறான். அது தப்பான பதில், அவளுக்குக் கோபம் வருகிறது, மதிப்பெண் குறைகிறது, வீடு கைவிட்டுப்போகும் நிலை. இப்போது அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதை அவளுடைய ஒரு செயலால் காட்டுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் 'தனிமை', 'இடைவெளி', 'இயந்திரத்தனம்' என்ற சொற்களைத் தேடி எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் அர்த்தம் குலைகிறதோ, அங்கே காட்சி இன்னும் எழுதப்படவில்லை.