பாபநாசத்து நெற்களஞ்சியம்: கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை. போனில் பாபநாசம் என்று தட்டினால் தாமிரபரணிக் கரையில் இருக்கும் நெல்லைப் பக்கத்துப் பாபநாசமும் வந்து நிற்கும். நாம் போக வேண்டியது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். காருக்குச் சொல்லும்போதே மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

திருச்சியில் விமானம் இறங்குபவர்களுக்குத் தஞ்சாவூர் வழிதான் வசதி. அங்கிருந்து கும்பகோணம் பஸ்ஸில் 25 கிலோமீட்டர் போல வரும். ரயிலும் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. ஊரை ஒட்டியுள்ள திருப்பாலைத்துறையில், அப்பர் பாடிய பாலைவனநாதர் கோயில் வளாகத்திலேயே களஞ்சியம் இருக்கிறது. சாமி கும்பிட்ட கையோடு காரில் ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நாயக்கர் காலத்துக் கட்டடம் இது. தஞ்சையை ரகுநாத நாயக்கர் ஆண்ட 1600–1634 காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். உயரம் 36 அடி. வட்டச் சுவர், மேலே கூம்புக் கூரை. தூரத்திலிருந்து பார்த்தால், பாட்டி வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை யாரோ ஊதிப் பெரிதாக்கி வைத்த மாதிரி இருக்கும். வட்டமாகக் கட்டியதில் கணக்கு இருக்கிறது. குவித்த நெல் சுவரை வெளியே தள்ளும். மூலை இல்லாத சுவரில் அந்தப் பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கூம்புக் கூரையில் மழைத் தண்ணீர் தங்காது. ஐப்பசி அடைமழையை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

கொள்ளளவு 3,000 கலம். கலம், மரக்கால் எல்லாம் நெல் அளக்கும் பழைய அளவைகள்; நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, சரி. கலத்துக்கு 12 மரக்கால் என்று சொல்லிக் கொடுங்கள். ஆக 36,000 மரக்கால் நெல். கோயில் நிலத்துக் குத்தகை பணமாக இல்லாமல் நெல்லாகவே வந்த காலம் அது. அதை அளந்து கொட்ட இடம் வேண்டாமா? நைவேத்தியம், வேலையாட்களின் படி எல்லாம் அந்த நெல்லிலிருந்துதான்.

இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் கோயிலில் கேட்டுப் பாருங்கள். திறக்காவிட்டாலும் வெளியே ஒரு சுற்று சுற்றிவந்தாலே போதும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். தை மாதம் போனால் சம்பா அறுவடையையும் பார்க்கலாம். அப்போது சாலையிலேயே நெல் காயும். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

அப்புறம், நேரம் மிச்சமிருந்தால் ஊருக்குள் 108 சிவாலயம் இருக்கிறது. லிங்கங்களை எண்ண ஆரம்பித்தால் பிள்ளைகளைக் கிளப்புவது கஷ்டம்.