மலைநாட்டுக் குளிரில் இலைக்குப்பையைப் பசளையாக்குவது எப்படி

எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம். தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டபிறகு, லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், போஞ்சி, கரட் போடுகிறேன். அந்த நிலத்துக்குக் கடையில் வாங்கும் பசளையை மிகவும் குறைத்துவிட்டேன். அதற்குக் காரணம் இலைக்குப்பைதான். ஆனால் கீழ்நாட்டில் சொல்லிக்கொடுக்கும் முறை இங்கே அப்படியே சரிவராது. இங்கே குளிர், அதோடு மழை. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் குவியல் கட்ட வேண்டும்.

இலையை மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாவும் பங்கசும். அவை குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். பத்துப் பாகை குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகைதான். அதனால் குவியல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சின்னக் குவியலில் சூடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது மூன்றடி வேண்டும். உயரம் நான்கடி என்றால் இன்னும் நல்லது. ஒரே நாளில் கட்டி முடியுங்கள். தினம் ஒரு கை குப்பை போட்டால் அது சூடேறாது.

என்ன இலை போடுகிறோம் என்பதுதான் முக்கியம். சவுக்கு என்று நாங்கள் சொல்லும் கிரவிலியா மரத்தடியில் பாருங்கள்: போன வருட இலையும் அப்படியே கிடக்கும். முள்முருங்கையை வெட்டிப் போட்டால் சில கிழமைகளில் இலை காணாமல் போய்விடும், நரம்பு மட்டும் மிஞ்சும். மலையில் வேலை செய்த எல்லோரும் காலடியில் பார்த்ததுதான் இது. சவுக்கு இலையில் காபன் அதிகம், நைதரசன் குறைவு, தோலும் தடிப்பு. முள்முருங்கை காற்றிலிருக்கும் நைதரசனை வேர் முடிச்சுகளில் பிடித்து வைக்கும் மரம். அது இலையிலும் நிறைய இருக்கிறது. ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருந்தால் குவியல் நன்றாக வேகும். தராசு தேவையில்லை. கொழுந்துக் கூடையால் அளந்தால், காய்ந்தது இரண்டு கூடைக்குப் பச்சை ஒரு கூடை.

பச்சைக்கு முள்முருங்கை, கிளிரிசிடியா, ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தி, தேயிலைச் சக்கை. சூரியகாந்தியைப் பூக்குமுன் வெட்டுங்கள், விதை வந்துவிடும். காய்ந்ததுக்குச் சவுக்கு இலையும் மாணாப்புல்லும். இரண்டையும் கத்தியால் துண்டு துண்டாக வெட்டினால்தான் சீக்கிரம் மக்கும். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடி நோயில் கருகியிருந்தால் போடவேண்டாம். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிய கோவாவையும் போடவே வேண்டாம்; அந்த நோய் மண்ணில் பல வருடம் கிடக்கும்.

அடியில் ஓரடிக்குக் கவ்வாத்து மிளாறு (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சி) போடுங்கள், காற்று உள்ளே போக. (மலையில் மிளாறு பொறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விறகுக்குத் தடித்த கொப்பை எடுங்கள், இலையை அங்கேயே உதறிவிடுங்கள். அது அந்தச் செடிக்குச் சேரவேண்டியது.) அதன்மேல் காய்ந்தது, பச்சை என்று மாறி மாறி அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் சாணிக் கரைசல் தெளியுங்கள். ஒரு கை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி சொட்ட வேண்டும், ஒழுகக்கூடாது.

இனி மழை. முதல் வருடம் நான் குவியலை மூடாமல் விட்டேன். ஆனி மழையில் அடியிலிருந்து தேயிலைச் சாயம் போலக் கறுத்த தண்ணீர் கானுக்கு (வடிகாலுக்கு) ஓடியது. நைதரசனும் பொட்டாசியமும் அந்தத் தண்ணீரோடு ஓடிவிட்டன என்பது பிறகுதான் புரிந்தது. மிஞ்சியது அழுகல் நாற்றம். இப்போது குவியலைச் சுற்றிச் சின்னதாகக் கான் வெட்டி, நான்கு கம்பு நட்டு, ஒரு படங்கை (தார்ப்பாயை) சரிவாகக் கட்டுகிறேன். ஓரங்களைத் திறந்தே விடுங்கள், காற்று வேண்டும்.

மூன்றாம் நான்காம் நாளில் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் 55, 60 பாகை வந்துவிட்டது. களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும். பனி விழும் காலையில் குவியலிலிருந்து ஆவி எழும்பும். பக்கத்து லயத்துப் பையன் ஓடி வந்து, “பெரியம்மா, உள்ள அடுப்பு எரியுதா?” என்று கேட்டான். கம்பியைத் தொட வைத்துக் காட்டினேன். சூடு தணிந்ததும் வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டுங்கள். எனக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மூத்திர வாடை அடித்தால் காய்ந்த இலை சேருங்கள். கூழ்முட்டை வாடை என்றால் ஈரம் அதிகம், உடனே புரட்டுங்கள்.

எங்கள் பக்கம் நான்கைந்து மாதம் ஆகும். அவசரப்படாதீர்கள். 2021ல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, அரைகுறையாக மக்கியதை எடுத்துப் போஞ்சிப் பாத்தியில் போட்டேன். செடி மஞ்சளாகிவிட்டது. மக்காத காய்ந்த இலையை முடிக்க, நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிச்சம் இருக்காது. கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால்தான் தயார்.

கனமழைக்கு முன்னால் போடவேண்டாம். மழை ஓய்ந்து, செடி வேர்பிடித்து வளரத் தொடங்கும்போது, வேரைச் சுற்றிப் போட்டு முள்ளால் (மண் கிளறும் கருவியால்) லேசாகக் கிளறி, மேலே புல்லால் மூடுங்கள். பசளையைச் சலித்தபிறகு சல்லடையில் நிற்கும் குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். பங்கசு ஏறிய குச்சிகள் அவை. அடுத்த குவியலின் அடியில் மிளாறோடு சேர்த்துப் போடுங்கள்.