அமெரிக்கப் புறநகரும் ஐரோப்பிய நகரமும்: குடியேறுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் தம்பதி என்னிடம் யோசனை கேட்டார்கள். இருவருக்கும் சிகாகோவில் வேலை. மனைவிக்கு ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. போவதா, அங்கேயே புறநகரில் வீடு வாங்குவதா என்று ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். சம்பளம், வரி, வீட்டின் சதுர அடி, பள்ளியின் தரமதிப்பு என்று பதினான்கு வரிசைகள். படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2012-ல் நானும் கணவரும் உட்கார்ந்து போட்டது அச்சாக இதே அட்டவணைதான். அதில் இல்லாமல் போன ஒரு வரிசை எங்கள் ஐந்து ஆண்டுகளைத் தின்றது.

சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். 2017-லிருந்து ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபர்க்கில் வசிக்கிறேன். கனமான கோட்டு வாங்குங்கள், மொழி படியுங்கள் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் பட்டு அறிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சம்பளத்தோடு சம்பளத்தை ஒப்பிடுவது

ஜெர்மனியில் நல்ல சம்பளம் வாங்கும் தனியாளுக்கு வரியும் காப்பீடுமாகச் சுமார் 40 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அதைக் கண்டு பலர் மிரள்கிறார்கள். அந்தப் பிடித்தத்துக்குள் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அடங்கும் என்பதையும், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது இங்கே சட்டம். அமெரிக்காவில் தனியார் வேலைக்கு அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டமே இல்லை. அதே நேரம், கையில் சேமிப்பு சேர்வது அமெரிக்காவில்தான் வேகம். ஊரில் கடன் அடைக்க வேண்டியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டைப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்க்காமல் வருவது

இன்றுவரை என் மனம் ஆறாத தவறு இதுதான்.

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்ற வசதியான ஊர். அதன் தென்கோடியில், ஒரு முட்டுச்சந்தின் முடிவில் 2,900 சதுர அடி வீடு வாங்கினோம். நான்கு படுக்கையறை, இரண்டு கார் நிற்கும் கராஜ், பின்னால் புல்வெளி. மாடி ஜன்னலில் நின்றால் ஒரு குளமும், அதற்கு அப்பால் பல்பொருள் அங்காடியின் பின்சுவரும் தெரியும். நேர்கோட்டில் 400 மீட்டர்கூட இருக்காது. கடை பக்கத்திலேயே இருக்கிறது என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டோம். சாலை வழியாக அது இரண்டரை கிலோமீட்டர் என்பது குடிவந்த பிறகுதான் உறைத்தது. கடைசிப் பகுதியில் ஆறு தட சாலை, ஓரத்தில் நடைபாதை இல்லை.

2014 மே மாதம் அம்மா வந்தார். திருநெல்வேலியில் காலையில் பால் வாங்கவும் மாலையில் நெல்லையப்பர் கோயிலுக்கும் நடந்தே பழகியவர். வந்த மூன்றாம் நாள், நாங்கள் வேலைக்குப் போன பிறகு பால் தீர்ந்திருக்கிறது. கடைதான் ஜன்னலில் தெரிகிறதே என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, சாலையோரப் புல்லில் நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு பெண் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அம்மா கையில் வைத்திருந்த முகவரிச் சீட்டைக் காட்ட, அவரே கொண்டுவந்து விட்டிருக்கிறார். மாலையில் நான் வந்தபோது அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, புடவைக் கரையில் ஒட்டியிருந்த புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் இருக்கிறது அம்மா இந்த வீட்டில். வெளியே போகத்தான் வழியில்லை” என்றார்.

பிறகு அக்டோபர் வரை அவர் எங்கள் முட்டுச்சந்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தார். அரோராவில் பாலாஜி கோயில் இருக்கிறது. அதற்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அன்று எங்களில் ஒருவருக்கு ஓய்வும் இருக்க வேண்டும்.

இந்தத் தெரு அமைப்பு தற்செயலானது என்று நினைத்துவிடாதீர்கள். நிலத்தை வகை பிரித்து, வீடுகள் இருக்கும் இடத்தில் கடை வரக்கூடாது என்று ஓர் ஊராட்சி விதிக்கலாம் என 1926-ல் ஒஹையோவின் யூக்ளிட் கிராமத்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1930-களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி அமைப்பு, குறுக்கும் நெடுக்குமான தெருக்களைவிட வளைந்த தெருக்களையும் முட்டுச்சந்துகளையும் பரிந்துரைத்தது. 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அந்த மூன்றின் மேல் எழுந்த வீட்டை வாங்கிவிட்டு, முக்குக் கடை இல்லையே என்று நாங்கள் ஏங்கினோம்.

பணக் கணக்கிலும் கோட்டை விட்டோம். அட்டவணையில் காருக்கு மாதத் தவணையை மட்டும் எழுதியிருந்தோம். தேய்மானம், காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு புதிய காருக்கு ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் ஆகும் என்று ஏஏஏ என்னும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2024-ல் கணக்கிட்டது. எங்களிடம் இரண்டு கார். பணத்தைவிடப் பெரிய செலவு என் மாலைப் பொழுதுகள். மூத்தவளுக்குச் செவ்வாய்க்கிழமை வயலின், வியாழக்கிழமை நீச்சல். அங்கே ஓட்டுநர் உரிமம் 16 வயதில்தான். அதுவரை தோழியின் வீட்டுக்குப் போவதற்குக்கூடப் பெற்றோரின் கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். பதினோரு வயதுப் பெண், “அம்மா, எப்போது உங்களுக்கு நேரம் இருக்கும்?” என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று. இதிலிருந்து தப்ப நாங்கள் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை. அதே நேப்பர்வில்லின் வடக்கில், ரயில் நிலையத்தை ஒட்டிப் பழைய ஊர் இருக்கிறது. நேரான தெருக்கள், மர நிழலில் நடைபாதை, நூலகம், டூபேஜ் ஆற்றங்கரையில் நடைவழி, சிகாகோவுக்கு நேரடி ரயில். ஓக் பார்க், எவன்ஸ்டன், லா கிரேஞ்ச் போன்ற ஊர்களும் கார் பெருகுவதற்கு முன்பே ரயிலைச் சுற்றி வளர்ந்தவைதான். அந்தப் பழைய பகுதியில் 1,600 சதுர அடியில், ஏறக்குறைய அதே விலைக்கு ஒரு வீட்டை எங்களுக்குக் காட்டினார்கள். சமையலறை அலமாரிகள் பழசு என்று பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அலமாரியை மாற்றியிருக்கலாம். முட்டுச்சந்தை யாரால் மாற்ற முடியும்? 2017-ல் விற்றபோது தரகுக் கட்டணமே ஆறு சதவீதம் போயிற்று.

எனவே வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்குப் போங்கள். காரை அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு, நடந்து போய் ஒரு லிட்டர் பால் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். இருட்டிய பிறகு இன்னொரு முறை நடங்கள். முடிந்தால் பத்து வயதுக் குழந்தை ஒன்றையும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். இதைச் செய்யாமல் ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது நாங்கள் ஃப்ரைபர்க்கின் வோபான் பகுதியில் 95 சதுர மீட்டர் வாடகை வீட்டில் இருக்கிறோம். முன்பு பிரெஞ்சுப் படை முகாமாக இருந்த இடம். கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பகுதியின் ஓரத்தில் உள்ள அடுக்கு நிறுத்தத்தில் விடுகிறார்கள். 2006-லிருந்து டிராம் ஓடுகிறது. 2019-ல் அம்மா வந்தார். இரண்டாவது வாரமே தனியாக டிராம் ஏறி, தேவாலயச் சதுக்கத்துச் சந்தைக்குப் போய்விட்டார். வடக்குப் பக்கத்தில் விவசாயிகள் தாங்களே விளைத்ததை விற்பார்கள். அம்மாவுக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. விரலைக் காட்டிக் கேட்டிருக்கிறார், சில்லறையை உள்ளங்கையில் பரப்பி நீட்டியிருக்கிறார். பசலைக்கீரையும் பீட்ரூட்டும் வாங்கியவருக்குக் கடைக்காரம்மா ஒரு கொத்து பார்ஸ்லியைக் காசு வாங்காமல் பையில் செருகிவிட்டார். “இங்கேயும் கொசுறு கொடுக்கிறார்கள்” என்று அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெற்றோரை ஆறு மாதம் அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நம்புவது

ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் தங்கலாம்.

ஐரோப்பா முழுவதும் இப்படித்தான் என்று எண்ணுவது

ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு 500-க்கும் அதிகமான கார்கள் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாடகை மலிவு என்று ஃப்ரைபர்க்கை ஒட்டிய கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைச்சரிவில் ஒரு கிராமத்துக்குப் போனது. மணிக்கு ஒரு பஸ், இரவில் அதுவும் இல்லை. ஆறே மாதத்தில் இரண்டாவது கார் வாங்கினார்கள். ‘புறநகர்’ என்ற சொல்லும் ஏமாற்றும். பாரிஸில் பணம் நகரின் நடுவிலும், நெய்யி போன்ற மேற்குப் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறது. வடகிழக்குப் புறநகரான சேன்-சான்-தெனியில் பிரான்சின் மிக ஏழ்மையான குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரின் பெயரை விடுங்கள், பக்கத்தில் உள்ள ரயில் அல்லது டிராம் நிறுத்தத்தின் பெயரைக் கேளுங்கள்.

வாடகை வீட்டில் சமையலறை இருக்கும் என்று நம்புவது

ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் அந்த அறையில் குழாய் முனை மட்டுமே இருக்கும்; அடுப்பும் அலமாரியும் இருக்காது.

பள்ளியை ஒரே அளவுகோலால் அளப்பது

அமெரிக்கப் புறநகரில் முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. அதற்காகவே ஆண்டுதோறும் கனத்த சொத்து வரி கட்டினோம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவில், பத்து வயதில், எந்த வகை மேல்நிலைப் பள்ளி என்பது முடிவாகிறது. மூத்தவளுக்கு இங்கே வந்தபோது 14 வயது. மொழி ஆயத்த வகுப்பிலேயே ஓராண்டு போயிற்று. அவள் அழுத இரவுகளுக்கு நாங்கள்தான் பொறுப்பு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது தாண்டியிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். சின்னவள் இங்கேயே முதல் வகுப்பு சேர்ந்தவள். நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்கள் நடத்திய சைக்கிள் தேர்வில் தேறி, மறுவாரமே தனியாகப் பள்ளிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவது

வேண்டாம். ஜெர்மனியில் அது சத்தம் கூடாத ஓய்வு நாள். கடைகளும் அன்று மூடியிருக்கும்.

தெருவில் மனிதர்கள் இருந்தால் நண்பர்களும் இருப்பார்கள் என்று நினைப்பது

இதில் அமெரிக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். குடிபுகுந்த மாலையே எதிர் வீட்டுக்காரர் பிஸ்கட் தட்டோடு வந்தார். கணவர் வெளியூரில் இருந்த ஒரு ஜனவரியில், நான் கேட்காமலேயே எங்கள் வாசல் பனியை வாரிக் கொட்டினார். சின்னவள் பிறந்தபோது மருத்துவமனைக்கு என்னைக் கொண்டு போனதும் அவர் மனைவிதான். ஃப்ரைபர்க்கில் கீழ் வீட்டு அம்மையார் இரண்டு ஆண்டுகள் வணக்கம் மட்டும் சொன்னார். தெரு நிறைய ஆட்கள், நான் பேச ஒருவரும் இல்லை. முதல் குளிர்காலத்திலேயே திரும்பிவிடலாம் என்று டிக்கெட் விலை பார்த்தேன். இங்கே வந்து ஓராண்டில் ‘ஒத்துவரவில்லை’ என்று கிளம்பும் குடும்பங்களை இப்போது பார்க்கும்போது, இன்னும் இரண்டு குளிர்காலம் பொறுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. கீழ் வீட்டு அம்மையார் மூன்றாம் ஆண்டு நவம்பரில் மணி அடித்தார். கையில் ஒரு ஜாடி ஜாம். ஊறுகாய் போடும் வாசனை படிக்கட்டு வரை வருகிறதே, எப்படிச் செய்வது என்று கேட்டார்.