கோட்டுக்கு வெளியே சண்டைக்கு வரும் கோச்சை எப்படிச் சமாளிப்பது?

நீலகிரிப் பக்கம் கால்பந்துக்கு விசில் பிடிக்கப் போகிறீர்களா, மேட்ச் தொடங்கும் முன்பே இரண்டு கோச்சிடமும் கைகொடுத்துப் பேசிவிடுங்கள். கோச் நிற்க வேண்டிய இடமான டெக்னிக்கல் ஏரியா என்பது பெஞ்சுக்கு இருபுறமும் 1 மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்பு வரை. நம் மைதானங்களில் அந்த ஏரியாவுக்குக் கோடே இருக்காது, சுண்ணாம்புப் பொடி தூவிப் போடச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நின்று யோசனை சொல்லலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

"ரெஃப்ரி, ஆஃப்சைடு!" என்று ஒரு தடவை கத்தினால் விட்டுவிடுங்கள், அது ஆதங்கம். திரும்பத் திரும்ப வந்தால்தான் போய்ப் பேச வேண்டும்.

கோத்தகிரியில் ஒரு மாலை பனிமூட்டம் இறங்கி எதிர் கோல்போஸ்ட் மங்கிப்போன நேரம், பெனால்ட்டி கேட்டு ஒரு கோச் கோட்டருகே வந்து கையை ஆட்டினார். பந்து வெளியே போகும்வரை காத்திருந்து, ஓடாமல் நடந்து போய், "அண்ணா, நான் பத்தடியில் நின்றேன், கால் முதலில் பந்தில்தான் பட்டது" என்று தணிந்த குரலில் சொன்னேன். முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

அப்படியும் அடங்காவிட்டால் எச்சரிக்கை, அப்புறம் மஞ்சள் அட்டை. 2019 முதல் கோச்சுக்கும் அட்டை உண்டு, இரண்டு மஞ்சள் என்றால் சிவப்பு. கெட்ட வார்த்தை வந்தால் நேரே சிவப்புதான், தயங்காதீர்கள். பெஞ்சில் யார் திட்டியது என்று தெரியாவிட்டால் அங்கிருக்கும் மூத்த கோச்சுக்கே அட்டை போகும், இதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள்.