பள்ளிக்கரணையில் பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்யும் முறை

சென்னையில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்க்க விரும்புவோர், வலசைப் பறவைகள் தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், காலை ஏழு மணிக்கு முன்பே அங்கு சென்றுவிடுவது நல்லது. இளவெயில் முதுகில் படும்படி நில்லுங்கள்; எதிர்வெயிலில் எந்தப் பறவையும் கருநிழலாகவே தெரியும். ஒரு இருநோக்கியும் சிறிய குறிப்பேடும் பென்சிலும் போதும். மார்கழிப் பனியில் பேனா மை கரைந்து ஒரு காலைப்பொழுதின் குறிப்புகளை நான் இழந்திருக்கிறேன், ஆகவே பென்சிலையே வலியுறுத்துகிறேன்.

பறவையின் பெயருக்கு முன்பாக நாள், இடம், தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள்; கிளம்பும்போது முடித்த நேரத்தையும் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் கண்ட இருபது நெடுங்கால் உள்ளான்களும், மூன்று மணி நேரம் தேடிக் கண்ட இருபதும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை.

‘வெள்ளைக் கொக்கு’ என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அலகும் காலும் கறுத்து, விரல்கள் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு. மஞ்சள் அலகுடன், மாடுகளை ஒட்டி நடந்து பூச்சி பிடிப்பது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் கொள்ளும். பெரிய கொக்குக்கு வாய்க்கீற்று, அதாவது அலகின் மேல், கீழ்ப் பாதிகள் சேரும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டிருக்கும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். கால்கள் சேற்றில் புதைந்து, தலையும் புல்லில் மறைந்திருந்தால், ‘கொக்கு, இனம் தெளியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அந்த வரி எவ்வளவோ மேலானது. பருவமும் ஏமாற்றும்: நீளவால் இலைக்கோழிக்குக் குளிர்காலத்தில் அந்த நீண்ட வால் இருப்பதில்லை.

பூநாரைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாதபோது, பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் இடத்தை அளவாகக் கொண்டு கூட்டத்தின் மறுமுனை வரை கணித்து, ‘ஏறத்தாழ’ என்று குறிப்பிடுங்கள். மேலும் நெருங்கிப் பார்க்கும் ஆசையில் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள். இரை தேடும் நேரம் அவற்றுக்குப் பெரிது.

வீடு திரும்பிய அன்றே, நினைவு மங்குமுன், குறிப்புகளைப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று அது கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டிருந்தால், ‘இல்லை’ என்பதே சரியான விடை.