பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஓடை கடக்குமுன் ஆக்சில் பிரீதரை உயர்த்துங்கள்

முன், பின் ஆக்சில்களின் மேலுள்ள பிரீதரை, அதாவது உள்காற்று போய்வரும் சிறு மூடியைக் கழற்றி, அங்கே நிப்பிள் (ஹோஸ் செருகும் சிறு குழாய் முனை) மாட்டி, எண்ணெய் தாங்கும் ஃபியூயல் ஹோஸை இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோங்கள். ஹோஸ் முனையில் சிறிய ஃபியூயல் ஃபில்டர் செருகினால் தூசி நுழையாது.

ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) வழியாகவோ பிரீதர் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பழைய வண்டிகளில் பிரீதர் சேற்றில் அடைத்துக்கொள்வதும் சகஜம். அப்போது அழுத்தம் ஏறி சீலில் எண்ணெய் கசியும், பலர் சீலைத்தான் வீணாகக் குறை சொல்கிறார்கள்.

ஹோஸை வெட்டுமுன் ஜாக்கி வைத்துச் சேஸியைத் தூக்கி, ஆக்சிலை முழுதும் தொங்கவிட்டு அளவெடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நீளம் போதாவிட்டால் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். சைலன்சர் குழாய்க்கு அருகே விடாதீர்கள். நடுவில் தொய்வும் கூடாது, அங்கே எண்ணெய் தேங்கி அடைக்கும்.

ஆக்சில் எண்ணெய் ஏற்கெனவே தண்ணீர் கலந்து பால்நிறமாக இருந்தால் இது மட்டும் உதவாது. முதலில் சீலையும் எண்ணெயையும் மாற்றுங்கள். தண்ணீரில் இறங்காத வண்டிக்குப் பிரீதரைச் சுத்தம் செய்தாலே போதும்.