டிக்கெட்டில் வரும் '+2'

நியூயார்க்குக்கு வந்த முதல் ஆண்டில் சிங்கப்பூரிலிருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன். வியாழன் இரவு 10 மணிக்கு விமானம், பதினெட்டரை மணி நேரப் பயணம். விரல் விட்டு எண்ணி, "வெள்ளி மாலை நாலரைக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் காத்திருந்தபோது நான் பாதி வழிகூடத் தாண்டியிருக்கவில்லை. நான் சொன்ன நாலரை நியூயார்க் கடிகாரத்தின் நாலரை. சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் இறங்கியது சனிக்கிழமை அதிகாலை நாலரைக்கு. வாசலில் யாரும் இல்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்கள் எல்லாமே அந்தந்த ஊர் நேரம். பக்கத்தில் பொடி எழுத்தில் '+2' என்று இருந்தால் கிளம்பிய தேதியோடு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் கணக்கு வேடிக்கையாக இருக்கும்: சிங்கப்பூரில் நள்ளிரவு ஏறி அதே பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் அதே தேதியில் காலை ஆறரைக்கு இறங்கிவிடலாம். இதெல்லாம் கோடைக் கணக்கு. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடும், வித்தியாசம் 13 மணி நேரமாகும்.

இந்த இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 15,300 கிலோமீட்டர். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். எனக்கென்னவோ அதனால் பெரிய பயன் தெரியவில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று ஒரே தூரத்தை இரண்டு விதமாக்கிவிடுகிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் சேர்ந்தது. பாதை மூடினாலும் இதே கதைதான்: 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைபட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதிலிருந்து பதின்மூன்று மணி நேரமாக நீண்டது.

நேரடி விமானம் கிடைக்காதவர்கள் பார்க்க வேண்டியது இடையில் காத்திருக்கும் நேரத்தை. அமெரிக்காவுக்குள் வந்து வேறொரு உள்நாட்டு விமானம் மாறுவதாக இருந்தால், வழக்கமாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். வயதான பெற்றோர் தனியாக வருகிறார்கள் என்றால் மூன்று மணி நேரமாவது வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.